அம்மாவுக்கு வாங்கிய பட்ஜெட் போன்: வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு சகோதரி நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கிச் சொல்கிறேன். அவருடைய அம்மாவுக்கு 68 வயது. இத்தனை வருடமும் பட்டன் போன்தான். பேரக்குழந்தையை வீடியோ காலில் பார்க்க வேண்டும், அனுப்புகிற போட்டோக்களைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அம்மாவின் ஆசை. தன்னால் முடிந்த பணத்துக்குள் தேடித் தேடி ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பெட்டியில் 8 ஜிபி ராம், 128 ஜிபி ஸ்டோரேஜ், எட்டு கோர் பிராசஸர், 50 மெகாபிக்சல் கேமரா, 5000 எம்ஏஎச் பேட்டரி, 6.7 அங்குலத் திரை என்று போட்டிருந்ததாம். நாலு நாளிலேயே புகார்கள் வந்துவிட்டன. பேசிக்கொண்டிருக்கும்போதே கால் கட் ஆகிறது, இல்லையென்றால் மியூட் ஆகிவிடுகிறது. அம்மா தொட்டால் ஆப் திறப்பதில்லை, மகள் தொட்டால் உடனே திறக்கிறது. வாட்ஸ்அப்பைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. திடீர் திடீரென்று திரை முழுக்க விளம்பரம் வருகிறது.

"அம்மாவுக்கு டச் போன் ஒத்து வராது, பழைய போனையே கொடு" என்கிறாராம் தம்பி. அம்மாவும் "எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்று சொல்லி போனைத் தொடுவதையே விட்டுவிட்டார். கடையில் திருப்பிக் கொடுக்க இன்னும் ஆறு நாள் இருக்கிறது. "நான் ஏமாந்துவிட்டேனா? மலிவு போன் என்றாலே இப்படித்தானா? தம்பி சொல்வதுதான் சரியா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

செல்போன் சர்வீஸ் வேலையில் இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்று சொல்கிறேன், இதை அப்படியே அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்: நீங்கள் எழுதியிருக்கும் நான்கு புகாரில் ஒன்றுகூட அம்மாவுக்கு அறிவு போதாததால் வந்தது இல்லை. நான்குமே போனில் இருக்கிற, அல்லது போனின் செட்டிங்ஸில் இருக்கிற குறை. வயதானவர்கள் தங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு போனை ஒதுக்கி வைப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

அடுத்து, மலிவு போன் என்றாலே மோசம் என்பது சரியில்லை. எண்கள் பெரிதாக இருந்தால் நல்ல போன் என்பதும் சரியில்லை. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் தயாரிப்பாளர் எங்கேயாவது கை வைத்தே ஆக வேண்டும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சடிக்கிற விஷயங்களில் கை வைக்க மாட்டார்கள், ஏனென்றால் நாம் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். பெட்டியில் எழுதாத இடங்களில்தான் குறைப்பார்கள்: சென்சார்கள், ஸ்டோரேஜின் வேகம், வெயிலில் திரையின் வெளிச்சம், எத்தனை வருடம் அப்டேட் வரும் என்பது. அதனால் ஒரு பட்ஜெட் போனை எடை போடும்போது, எதைக் குறைத்திருக்கிறார்கள், அந்தக் குறை இந்த ஆளுக்கு வலிக்குமா வலிக்காதா என்றுதான் பார்க்க வேண்டும். உங்கள் புகார்களில் இரண்டை வீட்டிலேயே சரி செய்துவிடலாம். ஒன்றைச் சோதித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஒன்று என்ன செய்தாலும் பெரிதாக மாறாது.

அம்மா தொட்டால் ஏன் திறப்பதில்லை

இப்போதைய டச் திரை விரலின் அழுத்தத்தை அளப்பதே இல்லை. கண்ணாடிக்கு அடியில் ஒரு மெல்லிய மின்புலம் இருக்கும், விரல் நெருங்கும்போது அதில் வரும் மாற்றத்தை வைத்துத்தான் தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறது. வயதாகும்போது விரல் நுனித் தோல் வறண்டு தடித்துப் போகும், அதனால் அந்த மாற்றம் குறைவாகவே பதிவாகும். மேலே தடிமனான டெம்பர்ட் கிளாஸ் ஒட்டியிருந்தால் இன்னும் குறையும். இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் பழக்கம். பட்டன் போனில் வருடக்கணக்காக அழுத்திப் பழகிய கை, டச் போனிலும் அழுத்திப் பிடிக்கும். கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்தால் போதும், போன் அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொள்ளும். அப்போது ஆப் திறக்காது, ஐகான் நகரும் அல்லது ஒரு குட்டி மெனு வரும். அம்மாவுக்கு அது ஏதோ கெட்டுப்போனது போலத் தெரியும்.

எது காரணம் என்று எளிதாகக் கண்டுபிடிக்கலாம். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்துக்குப் போய் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ஷோ டேப்ஸ் என்பதை ஆன் செய்யுங்கள். இனி தொடும் இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அம்மாவைத் தொடச் சொல்லுங்கள். புள்ளி வருகிறது ஆனால் ஆப் திறக்கவில்லை என்றால் அழுத்திப் பிடிப்பதுதான் காரணம். ஆக்சஸிபிலிட்டி பகுதியில் டச் அண்ட் ஹோல்ட் டிலே என்று ஒன்று இருக்கும், அதை லாங் என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். புள்ளியே வரவில்லை என்றால் டெம்பர்ட் கிளாஸைக் கழற்றிவிட்டு, அம்மா கையில் கொஞ்சம் கிரீம் தடவித் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். சில போன்களில் டச் சென்சிட்டிவிட்டியைக் கூட்டும் வசதியும் உண்டு. சோதனை முடிந்ததும் டெவலப்பர் ஆப்ஷன்ஸை மறக்காமல் ஆஃப் செய்துவிடுங்கள், அது ஆனில் இருந்தால் சில வங்கி ஆப்கள் வேலை செய்யாது.

உங்கள் விரலுக்கும் புள்ளி விட்டு விட்டு வருகிறது, அல்லது யாரும் தொடாமலே புள்ளி ஓடுகிறது என்றால் திரையிலேயே பழுது. ஆனால் சார்ஜில் போட்டிருக்கும்போது மட்டும் அப்படி நடந்தால் முதலில் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். தரமில்லாத சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் டச்சைக் குழப்பும்.

பேசும்போது கால் கட் ஆவது

இதுதான் சோதித்துப் பார்க்க வேண்டியது. போனைக் காதில் வைத்ததும் திரை தானாக அணைய வேண்டும். அதற்காகக் காதுப் பக்க ஸ்பீக்கருக்கு அருகில் ஒரு சின்ன அகச்சிவப்பு சென்சார் இருக்கும், ப்ராக்சிமிட்டி சென்சார் என்பார்கள். விலையைக் குறைப்பதற்காகச் சில பட்ஜெட் போன்களில் இந்த சென்சாரையே எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக போனை நீங்கள் தூக்கும் விதம், கன்னம் திரையில் படும் விதம் இவற்றை வைத்து மென்பொருளே ஊகிக்கும், அல்லது காதுகேளா ஒலி அலையை அனுப்பிப் பார்க்கும். ஊகம் தவறினால் திரை அணையாது, கன்னம் பட்டு மியூட் விழும், கால் கட் ஆகும். அம்மா குற்றவாளி இல்லை என்று நான் ஆரம்பத்தில் சொன்னது முக்கியமாக இதற்காகத்தான்.

சோதனை எளிது. யாருக்காவது கால் செய்துவிட்டு போனை மேசை மேல் வையுங்கள். திரையைத் தொடாமல், மேல் விளிம்புக்குச் சற்று மேலே உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். திரை உடனே அணைந்து, கையை எடுத்ததும் எரிந்தால் அந்த வசதி சரியாக வேலை செய்கிறது. அப்படி இருந்தும் கால் கட் ஆகிறது என்றால் நெட்வொர்க்கைப் பார்க்க வேண்டும். கை மறைத்தும் அணையவில்லை என்றால் டெம்பர்ட் கிளாஸைக் கழற்றிவிட்டு ஒரு முறை, போனை ரீஸ்டார்ட் செய்துவிட்டு ஒரு முறை பாருங்கள். அப்புறமும் அணையவில்லை என்றால் ஒன்று சென்சார் இல்லை, அல்லது இருந்தும் வேலை செய்யவில்லை. கால் செய்தவுடன் பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தித் திரையை அணைத்துக்கொண்டு பேசலாம்தான், பேச்சு தொடரும். ஆனால் 68 வயதில் முதல் முறையாக டச் போன் பழகுகிற ஒருவரை ஒவ்வொரு காலுக்கும் இதைச் செய்யச் சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை. பேசுவதற்குத்தானே போன்.

8 ஜிபி என்ற கணக்கு

நீங்கள் ஏமாந்தீர்களா என்று கேட்டதற்கு இங்கேதான் பதில். செட்டிங்ஸில் ராம், அதாவது ஆப்கள் ஓடும்போது போன் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம், எவ்வளவு என்று பாருங்கள். 4 ஜிபி கூட்டல் 4 ஜிபி என்று காட்டினால் உண்மையான ராம் 4 ஜிபிதான். மீதி 4 ஜிபி ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. பெட்டியில் 8 ஜிபி பெரிதாகவும், விளக்கம் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஓரமாகவும் இருக்கும். பெட்டி கையில் இருக்கும்போதே எடுத்துப் படித்துவிடுங்கள், பிறகு கடைக்காரரிடம் பேசும்போது இது தேவைப்படும்.

கடன் வாங்கிய ராம் ஏன் உதவாது என்றால் ஸ்டோரேஜ் சிப் ராமைவிடப் பல மடங்கு மெதுவானது. அதிலும் பட்ஜெட் போன்களில் பெரும்பாலும் இஎம்எம்சி வகை ஸ்டோரேஜ் போடுகிறார்கள். அதன் 5.1 பதிப்பின் உச்ச வேகம் நொடிக்கு 400 எம்பி, ஒரே சமயத்தில் படிக்கவும் எழுதவும் அதனால் முடியாது. யுஎஃப்எஸ் 2.2 என்ற வகையின் உச்சம் 1200 எம்பி, படிப்பதும் எழுதுவதும் சேர்ந்தே நடக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் போட்டோக்கள் இறங்கிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் அம்மா ஆப்பைத் திறக்க, நடுவில் ராம் போதாமல் போன் அதே ஸ்டோரேஜில் எழுதிக்கொண்டிருந்தால் தேங்கத்தான் செய்யும். பெட்டியில் 128 ஜிபி என்று இருக்கும், எந்த வகை என்று பலர் எழுதுவதில்லை. தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் முழு விவரப் பட்டியலில் தேடினால் சில சமயம் கிடைக்கும்.

எட்டு கோர் விஷயமும் இப்படித்தான். கோர் என்பது பிராசஸருக்குள் வேலை செய்யும் ஒரு பகுதி, எண்ணிக்கையைவிட எப்படிப்பட்ட கோர் என்பது முக்கியம். உதாரணத்துக்கு ஹீலியோ ஜி36 என்ற பிராசஸர் சிப்பில் இருக்கும் எட்டுமே கார்டெக்ஸ் ஏ53, அது 2012இல் அறிவிக்கப்பட்ட சிக்கன வடிவமைப்பு. யூனிசாக் டி606 என்ற சிப்பில் ஏ75 என்ற பெரிய, வேகமான கோர் இரண்டு, ஏ55 என்ற சின்னக் கோர் ஆறு. ஹீலியோ ஜி99இல் பெரிய கோர் ஏ76 இரண்டு, சின்னக் கோர் ஏ55 ஆறு. மூன்றும் எட்டு கோர்தான், ஆனால் ஆப் திறக்கும் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது, முதல் சிப்பில் இல்லாத அந்த இரண்டு பெரிய கோர்கள்தான். உங்கள் போனில் எட்டும் சின்னக் கோர் என்றால், ஸ்டோரேஜும் இஎம்எம்சி என்றால், இந்த மெதுவை எந்த சர்வீஸ் சென்டராலும் மாற்ற முடியாது. கடன் ராமை ஆஃப் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்வது, வாட்ஸ்அப்பில் தானாக வீடியோ இறங்குவதை நிறுத்துவது, தேவையில்லாத ஆப்களை எடுத்துவிடுவது, இவை ஓரளவுக்கு உதவும். நாலு நாளில் இப்படி என்றால் ஸ்டோரேஜ் நிரம்பிய பிறகு இன்னும் மெதுவாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விளம்பரங்கள்

இது எரிச்சல் மட்டும் இல்லை, ஆபத்தும்கூட. "உங்கள் போனில் வைரஸ்" என்று வருவதை நம்பி ஓகே தட்டினால் வேண்டாத ஆப் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். விளம்பரம் வரும் வழிகள் பெரும்பாலும் மூன்று. லாக் ஸ்கிரீனில் படங்களும் செய்திகளும் காட்டும் வசதி ஒன்று, அதை செட்டிங்ஸில் நிறுத்தலாம். கூடவே வந்த ஆப்களின் நோட்டிபிகேஷன் இன்னொன்று, அவற்றை நீக்க முடியாவிட்டாலும் டிசேபிள் செய்யலாம். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: பிரவுசரில் ஏதோ ஒரு தளம் நோட்டிபிகேஷன் அனுப்பலாமா என்று கேட்க, தெரியாமல் சம்மதித்திருப்போம். குரோம் செட்டிங்ஸில் அந்த அனுமதிகளை எடுத்துவிட்டால் பாதித் தொல்லை போய்விடும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து செய்தால் முடிகிற வேலை.

சரி, போனில் நல்லதே இல்லையா? இருக்கிறது. 6.7 அங்குலத்தில் 720க்கு 1600 புள்ளித் திரை என்றால் அங்குலத்துக்கு சுமார் 262 புள்ளி வரும். விமர்சனம் எழுதுபவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள், ஆனால் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிற அம்மாவின் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. புள்ளிகள் குறைவு என்பதால் பேட்டரியும் மிச்சம், 5000 எம்ஏஎச் அம்மாவின் உபயோகத்துக்கு ஒரு நாளைத் தாண்டியும் வரும். 10 வாட் சார்ஜர் என்றால் முழுதாக ஏற இரண்டரை மூன்று மணி நேரம் ஆகும், அது இவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. 50 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக நான்கு புள்ளியைச் சேர்த்து ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தரும், பகல் வெளிச்சத்தில் நன்றாகவே இருக்கும். வீடியோ காலுக்கு முன் கேமராதான் வேலை செய்யும், அதற்கு அறையில் நல்ல வெளிச்சம் இருந்தால் போதும். வெயிலில் வைத்து மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், மலிவு எல்சிடி திரைகள் அங்கேதான் கை விடும்.

நீங்கள் கேட்காத ஒன்று

ஆண்ட்ராய்டு பதிப்பு பக்கத்தில் செக்யூரிட்டி அப்டேட் தேதி என்று ஒன்று இருக்கும். கூகுள் 2015லிருந்து வழக்கமாகப் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட்டு வருகிறது. அவற்றை வாங்கி உங்கள் மாடலுக்கு அனுப்ப வேண்டியது போன் நிறுவனத்தின் பொறுப்பு. செலவைக் குறைக்க முதலில் தள்ளிப்போடுவது இதைத்தான். இருக்கிற அப்டேட்களை எல்லாம் போட்ட பிறகும் தேதி ஒரு வருடம் பழையதாக இருந்தால், இந்த மாடலை நிறுவனம் கைவிட ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, மூன்று வருட அப்டேட் என்று சொன்னால் அது பொதுவாக மாடல் வெளிவந்த நாளிலிருந்து எண்ணப்படும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. தள்ளுபடியில் கிடைத்த பழைய மாடலில் பாதிக் காலம் ஏற்கெனவே ஓடியிருக்கும். இன்று அம்மா வீடியோ கால் மட்டும் பேசலாம். நாளைக்கே வங்கி ஆப் போட்டுக் கொடுப்பீர்கள், அப்போது இது முக்கியமாகிவிடும்.

திருப்பிக் கொடுப்பதும் வாரண்டியும் வேறு வேறு

ஒரு வருட வாரண்டி இருக்கிறதே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாமா என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். வாரண்டி என்பது பழுதுக்கு. போன் மெதுவாக இருக்கிறது என்பதை சர்வீஸ் சென்டர் பழுதாக எடுத்துக்கொள்ளாது, ரீசெட் செய்து கையில் கொடுத்துவிடுவார்கள். சென்சாரே இல்லாத போனில் சென்சார் வேலை செய்யவில்லை என்றும் கேட்க முடியாது. உடைந்த திரைக்கும் தண்ணீர் போன போனுக்கும் சாதாரண வாரண்டி பொருந்தாது. உங்கள் கையில் இருக்கும் உண்மையான பலம் அந்த ஆறு நாள்தான். கடையின் விதியில் மனம் மாறினாலும் திருப்பலாம் என்று இருக்கிறதா, பழுது இருந்தால் மட்டும் மாற்றித் தருவார்களா என்று பில்லின் பின்பக்கத்தையோ ஆர்டர் பக்கத்தையோ இன்றே படியுங்கள். பழுது இருந்தால் மட்டும் என்றால், மேசை மேல் வைத்துச் செய்த அந்த சென்சார் சோதனையை இன்னொரு போனில் வீடியோ எடுங்கள். புகாரை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு சான்று வாங்குங்கள். பேசும்போது "ஸ்லோவா இருக்கு" என்று ஆரம்பிக்காதீர்கள். "கால் பேசும்போது திரை அணையவில்லை, கால் கட் ஆகிறது" என்று ஆரம்பியுங்கள். பெட்டியில் போட்ட 8 ஜிபியையும் அதன் பிறகு காட்டுங்கள்.

என் அபிப்பிராயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். சென்சார் சோதனையில் போன் தோற்றால் யோசிக்காமல் திருப்பிக் கொடுங்கள். சென்சார் சரி, அப்டேட் தேதியும் புதிது, டச் செட்டிங்ஸ் மாற்றியதும் அம்மாவால் திறக்க முடிகிறது என்றால் வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் மெதுவாகத் திறப்பதை அம்மா பொறுத்துக்கொள்வார், தொட்டால் வேலை செய்யும் என்ற நம்பிக்கைதான் அவருக்கு முக்கியம். சென்சார் சரியாக இருந்து அப்டேட் பழையதாக இருந்தாலும் நான் திருப்பிக் கொடுக்கும் பக்கம்தான் சாய்வேன்.

மாற்றி வாங்கும்போது இன்னும் பணம் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதே பணத்தில் கேமரா எண் சின்னதாக இருக்கும் மாடல்களைப் பாருங்கள். ராம் கடன் இல்லாமல் 6 ஜிபி இருந்தால் நல்லது, 4 ஜிபிதான் கிடைக்கிறது என்றால் ஸ்டோரேஜாவது யுஎஃப்எஸ் வகையாக இருக்கட்டும். அப்டேட் எத்தனை வருடம் என்று நிறுவனமே எழுதியிருக்க வேண்டும். கடையில் டெமோ போன் இருந்தால் அந்தக் கை மறைக்கும் சோதனையை அங்கேயே செய்யுங்கள், அதைவிட முக்கியமாக அம்மாவையும் கூட்டிப் போய் அவர் விரலால் தொடச் சொல்லுங்கள். பழைய உயர் ரக போனை இரண்டாம் கையாக வாங்கலாம் என்றும் யோசிப்பீர்கள். வேகம் நன்றாக இருக்கும், ஆனால் பேட்டரி தேய்ந்திருக்கும், அப்டேட் முடியும் நிலையில் இருக்கலாம். *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண், அதாவது அந்த போனுக்கே உரிய அடையாள எண், பில்லில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் தொடவே தொடாதீர்கள்.

தம்பி சொல்வதில் ஒரு பாதி நியாயம் உண்டு. பட்டன் போனை உடனே பறித்துவிட வேண்டாம், பேசுவதற்கு அது கொஞ்ச நாள் கூடவே இருக்கட்டும், புதிய போன் பேரக்குழந்தையைப் பார்க்க மட்டும் என்று ஆரம்பிக்கலாம். முதல் பக்கத்தில் மூன்று நான்கு ஐகான் போதும், எழுத்தைப் பெரிதாக்குங்கள், உங்கள் நம்பரை வீடியோ காலுக்கு நேராகத் திரையில் வைத்துவிடுங்கள். ஆனால் அம்மாவால் முடியாது என்ற அந்த மீதிப் பாதியை அவர் காது கேட்கச் சொல்ல வேண்டாம் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

திருப்பிக் கொடுப்பதாக முடிவு செய்தால், கொடுப்பதற்கு முன் போட்டோக்களை எடுத்துக்கொண்டு, செட்டிங்ஸில் அம்மாவின் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு அதன் பிறகு ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல், செட்டிங்ஸுக்குள் போகாமல் பட்டன்களை அழுத்தி ரிக்கவரி வழியில் ரீசெட் செய்தால் போன் பூட்டிக்கொண்டு பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும், அதையே காரணம் காட்டிக் கடையில் மறுத்துவிடுவார்கள். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள், பெட்டி, சார்ஜர், கேபிள் எல்லாம் வாங்கியபடியே இருக்கட்டும். ஆறாவது நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், சோதனைகளை இன்று இரவே முடித்துவிட்டு நாளைக்கே போய்விடுங்கள்.